கடலுக்கு மதகு வைத்த கதை

என் கையில் இருந்தது இரண்டு மாசத்துப் பழைய பத்திரிகை. நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்ததோ, அதில் ஒரு வரிகூட இல்லாத கதை.

அம்பத்தூர் ஏரிக்கரை. மதகுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம். அதன் நிழலில் எனக்கு எதிரே ஒன்பது பிள்ளைகள், வாயைப் பிளந்துகொண்டு. கோடைக்காலம் என்பதால் ஏரியில் தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கிவிட்டது. காற்று அடிக்கும்போதெல்லாம் பாசி நாற்றமும் மீன் நாற்றமும் கலந்து வந்தன. பத்திரிகைக்கு நான் செய்தித்தாளால் உறை போட்டிருந்தேன். "அழுக்காயிடும்" என்று காரணம் சொல்லியிருந்தேன். அட்டைப் படத்தைப் பார்த்தால் பழசு என்று தெரிந்துபோகும் என்பதுதான் நிஜக் காரணம்.

எனக்கு அப்போது பதினோரு வயசு.

"குழந்தைகளுக்கு முதன்முதலில் எப்போது கதை எழுதினீர்கள்?" என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போன வாரம்வரை நழுவிக்கொண்டு வந்தேன். பதில் அவ்வளவு கௌரவமானது இல்லை. என் முதல் கதை ஒரு பொய். அதுவும் வேறொருவர் கதையின் வாலில் நான் ஒட்டவைத்த பொய்.

வெள்ளரிப்பிஞ்சுக் கூலி

எங்கள் சித்தப்பாவுக்குப் பட்டணத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. சனிக்கிழமை சாயங்கால ரயிலில் ஊருக்கு வருவார். சித்திக்கு மல்லிகைப்பூப் பொட்டலம், எனக்குச் சிறுவர் பத்திரிகை. சித்தி பூவை மோந்து பார்ப்பதற்குள் நான் பத்திரிகையை மோந்து பார்த்துவிடுவேன். புது மை வாசனையில் லேசாக மண்ணெண்ணெய் வாடை இருக்கும். எனக்கு அது மல்லிகையைவிட உசத்தி.

எங்கள் தெருவுக்கே அந்த ஒரு பிரதிதான். ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் நான் படிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். சும்மா இல்லை. கேட்க வருகிறவர்கள் ஆளுக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும். வெள்ளரிப்பிஞ்சு, கொடுக்காப்புளி, நாவற்பழம், எதுவும் இல்லாவிட்டால் ஒரு துண்டு வெல்லம். வெறுங்கையோடு வந்தால் கதை கிடையாது. அவ்வளவு கறார். தலைக்கனம் என்றால் தலைக்கனம், ஐயோ, இப்போது நினைத்தால் எனக்கே என்னை நாலு சாத்தலாம் போலிருக்கிறது.

அதில் வந்த தொடர்கதைக்கு 'ஏழு பாறைத் தீவு' என்று பெயர். கதிரேசன் என்று ஒரு பையன். அவன் அப்பா போன கப்பல் உடைந்துபோகிறது. அப்பாவைத் தேடி இவன் சின்னப் படகில் கிளம்புகிறான். ஒருவழியாகக் கண்டுபிடித்தும்விடுகிறான். அப்பா ஒரு பாறைமேல் நிற்கிறார். கடல் ஏறிக்கொண்டே வருகிறது. தண்ணீர் அவர் மார்புவரைக்கும் வந்துவிட்டது. படகோ பக்கத்தில் போக முடியாமல் சுற்றுகிறது.

அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் பத்திரிகையே வரவில்லை.

தண்ணீரில் நின்ற நைனா

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பட்டணத்தில் எப்போது குண்டு விழுமோ என்று பேச்சு. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியே கிளம்பிவிட்டார்கள். எங்கள் ரோட்டில் காலையிலிருந்து மாட்டுவண்டியாகப் போகும். வண்டிமேல் பெட்டி, பெட்டிமேல் அம்மி, அம்மிமேல் ஒரு குழந்தை. எதிர்ப்பக்கமாக ஆவடிக்குப் பட்டாளத்து லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும். சித்தப்பாவின் துணிக்கடையும் பூட்டியாகிவிட்டது. காகிதம் கிடைக்காமல் பத்திரிகையும் நின்றுபோயிற்று என்று அவர்தான் வந்து சொன்னார்.

பெரியவர்களுக்கு ஆயிரம் கவலை. என் தம்பி ஏகாம்பரத்துக்கு ஒரே கவலை. அவனுக்கு எட்டு வயசு. சோற்றில் கை வைத்தால் கேட்பான்.

"அக்கா, கதிரேசன் நைனா இன்னும் தண்ணியிலயேவா கீறாரு?"

"ஆமாடா."

"கால் வலிக்காது?"

"சும்மா சாப்புடுடா!"

சாப்பிடுவான். இரண்டு வாய் போனதும், "அவருக்குப் பசிக்காது?" என்பான். அம்மா என்னைத்தான் திட்டுவாள், பிள்ளைக்கு என்னத்தையோ படித்துக்காட்டிப் பயமுறுத்திவிட்டேன் என்று.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயசுவரைக்கும் உள்ள பிள்ளைகளைப் போலப் பொல்லாத வாசகர்கள் உலகத்திலேயே கிடையாது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிற கதை அவர்களுக்குப் போதாது. காதல் கதை என்றால் கொட்டாவி விடுவார்கள். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் நாய்க்கு இடது காது மடங்கியிருந்தது என்று எழுதிவிட்டு, எட்டாம் அத்தியாயத்தில் வலது காது என்று எழுதிப் பாருங்கள். கடுதாசி போட்டே கொன்றுவிடுவார்கள். இத்தனை வருஷம் அவர்களுக்காக எழுதி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா?

அந்தப் பாடத்தை அப்போதே ஒன்பது பேரும் எனக்கு நடத்தினார்கள். வாய்க்கால் பக்கம் போனால் மடக்குவார்கள், கடைக்குப் போனால் மடக்குவார்கள். போதாக்குறைக்குப் புதிதாக ஒருத்தி வேறு வந்து சேர்ந்தாள்.

அவள் பெயர் பாக்கியம். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து அம்மாவோடு வந்து, அடுத்த வீட்டில் தூரத்து உறவுக்காரர்களிடம் தங்கியிருந்தாள். என் வயசுதான். அப்பாவுக்குக் கப்பலில் கலாசி வேலை, கயிறு இழுப்பதிலிருந்து தளம் கழுவுவதுவரை எல்லாம் செய்கிற ஆள் என்று மட்டும் எனக்குத் தெரியும். அவள் யாரோடும் பேச மாட்டாள். நகத்தைக் கடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பாள். ஏகாம்பரம் அவளிடம் கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறான். ஒருநாள் நேராக என்னிடம் வந்தாள்.

"அந்த நைனாவுக்கு இன்னா ஆச்சு?"

"அடுத்த பத்திரிகை வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை வா, படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது.

முளையைப் பிடுங்கினான் கதிரேசன்

சொல்லியாகிவிட்டது. நாலு நாள் யோசித்தேன். படகைப் பாறைப் பக்கம் கொண்டுபோக முடியாது. அப்பாவுக்கு நீந்தவும் தெம்பு இல்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏறுகிற தண்ணீரை என்ன செய்வது?

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மதகைத் திறந்துவிடுவது.

ஆகவே, பெரியோர்களே, கதிரேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலின் அடியில் முங்கினான். அங்கே பாசி படிந்த பெரிய கல்மதகு ஒன்று இருந்தது. அதன் வாயை அடைத்திருந்த முளையை இரண்டு கையாலும் பிடுங்கினான். 'கடகட'வென்று கடல் வடிந்தது. அப்பாவும் பிள்ளையும் பாறையை விட்டு இறங்கி, கையைக் கோத்துக்கொண்டு சேற்றில் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

இதைத்தான் நான் பழைய பத்திரிகையைப் பார்த்து 'படித்துக்கொண்டிருந்தேன்'. கடற்கரை எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தூரம்தான். ஆனால் எங்கள் ஒன்பது பேரில், என்னையும் சேர்த்துப் பத்துப் பேரில், ஒருத்தரும் கடலைப் பார்த்ததில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பார்களே, அது நானேதான்.

பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "அப்பாடா" என்று மூச்சு விட்டார்கள். ஏகாம்பரம் மட்டும் கேட்டான். "தண்ணி வத்திட்டா மீனெல்லாம் துள்ளுமே, புடிச்சாங்களா? விரால் இருந்துதா?"

"கூடை கூடையா" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பாக்கியம். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"கடலுக்கு மதகா! அய்யே! கடலு இன்னா, உங்கூரு ஏரியா? தொறந்துவுட்டா வடிஞ்சு எந்த நெல்லுக் கயினிக்குப் போவும்?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். எழுந்து வந்து என் கையிலிருந்த பத்திரிகையை வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தாள். அவள் நாலாவதுவரை படித்தவள். ஒன்பது பேருக்கும் நடுவில் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன்.

அவள் பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூடி என் மடியில் வைத்தாள்.

"ஆமா, அப்பிடித்தான் போட்டுக்கீது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மீதிக் கடல்

மறுநாள் கிணற்றடியில் கேட்டாள். "நீயே கட்டுனதா?"

"ஆமா. சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன். ஆனா கடலைத் தப்பா எழுதாத. எனக்கு எரிச்சலா கீது."

அன்றிலிருந்து எனக்கு அவள் கடலைச் சொன்னாள். அதற்கு எதிர்க்கரை கிடையாது என்றாள். நான் நம்பவில்லை. அலை போகும்போது காலுக்கு அடியில் மண் நழுவும், உடம்பே பின்னால் போகிற மாதிரி இருக்கும் என்றாள். நாளெல்லாம் ஒரே இரைச்சல், ஆனால் அதுவே பழகிப்போய், இங்கே வந்த புதிதில் சத்தம் இல்லாமல் தூக்கமே வரவில்லை என்றாள். உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும், சும்மா கரையில் நின்றாலே போதும் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மதகை எடுத்துவிட்டு வேறு மாதிரி மாற்றிப் பார்த்தேன். அவ்வளவுதான், ஒன்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"போன வாரம் நீதான மதகுன்னு படிச்சே? அச்சுல கீதுன்னியே?" என்று கத்தினான் ஏகாம்பரம்.

பாக்கியம்தான் வழக்கைத் தீர்த்துவைத்தாள். "சரி, மதகு இருந்துட்டுப் போவுது. மீதிக் கடலை நான் சொல்றாப்புல எழுது" என்று என் காதில் சொன்னாள்.

அப்படித்தான் எழுதினோம். சித்தப்பா எப்போதோ கொண்டுவந்து போட்ட கடை விளம்பரத் தாள்கள், ஒரு பக்கம் வெறுமையாக இருந்தன. அந்தப் பக்கத்தில் நான் பென்சிலால் எழுதி, பத்திரிகை உறைக்குள் செருகிவைத்துப் படிப்பேன். அவள் சங்கு, சிப்பி, காலைக் கிழிக்கிற பாறை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். யாரோ பெற்ற கதிரேசனை நாங்கள் இரண்டு பேரும் ஊட்டி வளர்த்தோம்.

அப்பாவும் பிள்ளையும் வடிந்த கடலில் நடந்தார்கள். நடந்தார்கள். நடந்துகொண்டே இருந்தார்கள். ஏனென்றால் நான் அவர்களை வீடு சேர விடவில்லை. ஒரு வாரம் சுறா வழியை மறித்தது. தண்ணீர் இல்லாத கடலில் சுறா எப்படி மறிக்கும் என்று கேட்காதீர்கள், ஒரு பள்ளத்தில் மிச்சத் தண்ணீர் இருந்தது. இன்னொரு வாரம் வழி தப்பியது. பிள்ளைகள் பதறப் பதற என் பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு குவிந்தது. இந்த வித்தையை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, தானாகவே வந்தது. ஐந்தாவது வாரம் அப்பா மயங்கி விழுந்தார், மூச்சுப் பேச்சில்லை. "தொடரும்" என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டு உறையை மூடினேன்.

பாக்கியம் எல்லாரும் போகும்வரைக்கும் காத்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"உனக்கு வெள்ளரிப்பிஞ்சு வோணும். எனக்கு எங்க நைனா வோணும்."

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் சொன்னாள். அவள் அப்பா ரங்கூனுக்குப் போன கப்பலில் போனவர். அங்கே குண்டு போட்டார்கள் என்று சேதி வந்ததற்கு அப்புறம் ஒரு கடுதாசி கிடையாது.

"தபால்காரரு மணி அடிச்சா எங்கம்மா கையில கீறத அப்பிடியே போட்டுட்டு ஓடுது. தெனம் ஓடுது. கதையில கூட நைனா ஊடு வந்து சேரக் கூடாதா? நீ வழியிலயே சாவடிக்கிறியே, உனக்கு மனசே இல்லையா?"

நான் அழுதுவிட்டேன். வெட்கம்தான். அத்தனை வாரமும் பக்கத்தில் உட்கார்ந்து சங்கும் சிப்பியும் எடுத்துக்கொடுத்தவள் என்ன எழுதிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. "வர ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வந்துடுவாரு. சத்தியமா" என்றேன்.

பத்திரிகை வந்தது

அந்தச் சனிக்கிழமை, கடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பட்டணம் போன சித்தப்பா திரும்பி வந்தார். கையில் பத்திரிகை! பழைய அளவில் பாதி, பழுப்பேறிய மட்டக் காகிதம். ஏகாம்பரம் தெருமுழுக்க ஓடிச் சொல்லிவிட்டான்.

நான் ஓடிப்போய் 'ஏழு பாறைத் தீவு' பக்கத்தைப் பிரித்தேன். கதாசிரியர் அப்பாவை அலையில் அடித்துக்கொண்டு போகவிட்டிருந்தார். கதிரேசன் படகில் தனியாக நின்று, "இனி எனக்கு நானே துணை" என்று வீரவசனம் பேசினான். படம்கூடப் போட்டிருந்தார்கள். எனக்கு அந்த மனுஷர்மேல் அப்படி ஒரு கோபம். பெரிய எழுத்தாளராம்! மூன்று மாசத்துக்கு மேலாகத் தண்ணீரில் நிற்கிற ஆளை இப்படியா செய்வது?

ஞாயிற்றுக்கிழமை உறை போட வழியில்லை. புது அட்டையை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. ஒன்பது பேரும் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பாக்கியம் முதல்முறையாக முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தேன். படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். என்னுடையதைப் படித்தேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். கதிரேசன் தோள் கொடுத்தான். கடல் முடிகிற இடத்தில் ஒரு கரை வந்தது. அதன்மேல் ஏறினால் அவர்கள் வீடு தெரிந்தது. அம்மா கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவ்வளவுதான். 'முற்றும்' என்று சொன்னேன். எல்லாரும் கையில் கொண்டுவந்ததைக் கொடுக்க மறந்துபோனார்கள், நானும் கேட்கவில்லை.

எல்லாரும் போனதும் பாக்கியம் கையை நீட்டினாள். "குடு அத."

"வேணாம் பாக்கியம்."

"குடுன்றேன்."

கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துப் பத்திரிகையை மடித்து என் மடியில் வைத்தாள்.

"இவரு தப்பா எழுதிக்கீறாரு. உன்னுதுதான் சரி."

"என்னுது கட்டுனதுடி."

"இவுரு மட்டும் இன்னா, கூட நின்னு பாத்தாரா? இவுருதும் கட்டுனதுதான?"

இத்தனை வருஷத்தில் கதை எழுதுவதைப்பற்றி எவ்வளவோ பேர் எவ்வளவோ பேசிக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை.

நடந்து வந்தவர்

மழை பிடித்து ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல்மேல் வழிந்துகொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஒரு ஆள் கரைமேல் மெதுவாக நடந்து வந்தார். தாடி, எலும்பும் தோலுமான உடம்பு, துணி சுற்றிய கால்கள். அடுத்த வீட்டு வாசலில் பாக்கியத்தின் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் விழுந்த சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

அரிசி வாசலெல்லாம் இறைந்து கிடந்தது. கோழிகளுக்கு அன்று நல்ல வேட்டை. ஒருத்தரும் விரட்டவில்லை.

தெருவே கூடிவிட்டது. கப்பல் இல்லை, அங்கே இருந்தால் உயிர் தங்காது என்று கூட்டத்தோடு கூட்டமாக மலையும் காடும் ஏறி இறங்கி மாசக்கணக்கில் நடந்திருக்கிறார். அப்புறம்தான் ரயில். கேட்டவர்கள் எல்லாரும் "ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்தாராம், நடந்தே வந்தாராம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாக்கியம் அவர் சட்டை நுனியைப் பிடித்தவள் விடவே இல்லை.

சாயங்காலம் அவர் கால்களை வெந்நீர் அண்டாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் கூட்டத்துக்குள் புகுந்து அவர் எதிரே போய் நின்றான்.

"மாமா, மதகு எந்தப் பக்கம் இருந்துது?"

எங்கம்மா அவனை இழுக்கப் பார்த்தாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "எந்த மதகு கண்ணு?" என்றார் அவர்.

பாக்கியம் சொன்னாள். கதிரேசன் படகிலிருந்து ஆரம்பித்து, பாறை, முளை, கூடை கூடையாக விரால், சுறா, மயக்கம், வீட்டு வாசல்வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டார். என்னை ஒருதரம் பார்த்தார்.

"நான் காடு மலையெல்லாம் சுத்திகினு வந்தேன்டா நைனா. அந்த மதகு என் கண்ணுல படல. யாராச்சும் வயி காட்டியிருந்தா இன்னும் சுருக்க வந்திருப்பேன்" என்றார்.

ஏகாம்பரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"கேட்டியாக்கா? அடுத்த தபா, எந்தப் பக்கம்னு தெளிவா எழுது!"

சரிடா, எழுதுகிறேன் என்றேன்.